மக்ரோனிக்கும் புகை போடுகிறார்கள், தெரியுமா?

அமெரிக்காவில் ஒருவர் ‘எங்க வீட்டில் ஒரு ஸ்மோக்கர் இருக்கு’ என்று பெருமையாகச் சொன்னால், சிகரெட்டும் கையுமாக அலையும் மாமனாரைச் சொல்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். கொல்லைப்புறத்தில் உறை போர்த்தி, ஒரு பொட்டு மழை படாமல் காப்பாற்றி வைத்திருக்கும் இரும்புப் பெட்டியைச் சொல்கிறார்! அதில் ஒரு மூலையில் விறகு கனன்று புகையும். இன்னொரு மூலையில் சாப்பாடு வேகும். தீ நாக்கு சாப்பாட்டைத் தொடவே தொடாது. உள்ளே சூடு எவ்வளவு தெரியுமா? 107 முதல் 135 டிகிரி செல்சியஸ், அவ்வளவுதான். நம் வீட்டில் வடை போடும் எண்ணெய்கூட இதைவிடச் சூடு!

அந்தப் பெட்டிக்குள் மாட்டு நெஞ்சுக்கறியும் பன்றித் தோள்கறியும் கோழியும் வேகும் என்பது ஊரறிந்த சங்கதி. மக்ரோனி வேகும், தெரியுமா? பீன்ஸ் வேகும், கொத்துக்கறிக் கட்டி வேகும், பீச் பழ இனிப்பு வேகும். சீஸ் கட்டி புகைக்குளியல் போடும். அட, தண்ணீருக்கே புகை போடுகிறார்கள்! நமக்கு ரசம் சாதம், பருப்புச் சாதம் எப்படியோ, அப்படி அவர்களுக்கும் சில பதார்த்தங்கள் உண்டு. ஜுரம் வந்தால், பனி கொட்டினால், வேலை போனால், அம்மா ஞாபகம் வந்தால் தட்டில் வந்து நிற்க வேண்டியவை. ‘கம்ஃபர்ட் ஃபுட்’ என்பார்கள். அந்த அம்மா சமையலை அடுப்படியிலிருந்து அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில், புகைக்குள் வைத்துவிடுகிறார்கள்.

எங்கள் வீட்டில் சாதத்தில் புகை வாசம் அடித்தால் அன்றைக்குச் சண்டை நிச்சயம். பரமக்குடிப் பக்கத்துக் கிராமத்தில் வேலிக்கருவை விறகை ஊதி ஊதிக் கண் சிவந்துபோன என் அம்மா, கேஸ் அடுப்பு வந்த அன்றைக்கே ஊதுகுழலைப் பரணில் ஏற்றிவிட்டாள். அவள் விரட்டியடித்த அதே புகையை என் தம்பி ஹூஸ்டனில் டாலர் கொடுத்து வாங்குகிறான்! அம்மா அங்கே போய் இறங்கியபோது நடந்ததைப் பிறகு சொல்கிறேன். முதலில் மக்ரோனி.

மக்ரோனியும் சீஸும் சேர்ந்த ‘மேக் அண்ட் சீஸ்’ ஏதோ பாக்கெட் சாப்பாடு, நேற்று வந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? இருநூறு வருடத்துக்கு மேல் வயது! அதை அமெரிக்காவில் வேர்விட வைத்தவர்களில் ஒருவர் ஓர் அடிமை. ஜேம்ஸ் ஹெமிங்ஸ் என்று பெயர். இவருடைய எஜமான் தாமஸ் ஜெஃபர்சன் 1784-ல் அரசுப் பணியாகப் பாரிஸ் போனபோது இவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பிரெஞ்சுச் சமையல் பழக வைத்தார். சரி, இவ்வளவு பெரிய சமையல்காரர் ஆகிவிட்டாரே, விடுதலை உடனே கிடைத்திருக்குமா? 1796 வரை காத்திருந்தார்! அதுவும் சும்மா இல்லை, தம்பி பீட்டருக்குத் தொழிலை முழுக்கக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போ என்று நிபந்தனை. அதன்பிறகு ஜெஃபர்சன் ஜனாதிபதியாகி, 1802-ல் தன் விருந்து மேஜையில் மக்ரோனியை வைத்தார். அன்றைக்குச் சாப்பிட்டவர்களில் ஒருவர் மனாசே கட்லர். பாதிரியார், காங்கிரஸ் உறுப்பினரும்கூட. இன்றைக்கு அந்த நாடே உயிரை விடும் அந்தப் பண்டத்தைப் பற்றி அவர் என்ன எழுதி வைத்தார் தெரியுமா? தனக்குப் பிடிக்கவில்லை என்று!

பிறகு 1824-ல் மேரி ராண்டால்ஃப் தன் சமையல் புத்தகத்தில் செய்முறை எழுதினார். 1937-ல் கிராஃப்ட் கம்பெனி பெட்டியில் அடைத்து 19 சென்ட்டுக்கு விற்றது, நாலு பேர் சாப்பிடலாம். நாடு பஞ்சத்தில் கிடந்த நேரம், பெட்டி பறந்தது. அடுத்து உலகப் போர் வந்தது, கறிக்குத் தட்டுப்பாடு, பெட்டி இன்னும் வேகமாகப் பறந்தது. இப்படிக் கஷ்டகாலத்தில் வயிற்றை நிரப்பியதால்தான் அது மனசுக்கு இதமான சாப்பாடு ஆனது போலும். நம் ஊரில் கஞ்சிக்கும் அந்த யோகம் உண்டே!

சரி, இதற்குப் புகை போடுவது எப்படி? கனமான இரும்பு வாணலி, வாய் அகலமாக இருக்க வேண்டும். மக்ரோனியை முக்கால் பதத்தில் வடித்துக்கொள்ள வேண்டும். பாலும் வெண்ணெயும் மாவும் சீஸும் சேர்த்துக் காய்ச்சிய குழம்பை வழக்கத்தைவிடத் தளர்வாக ஊற்ற வேண்டும், உள்ளே போனதும் மக்ரோனி குடித்துவிடும். மேலே ரொட்டித் தூள். 107 டிகிரியில் ஒரு மணி நேரம். அவ்வளவுதான்! ஆசைப்பட்டு மூன்று மணி நேரம் விட்டீர்களோ, சீஸ் எண்ணெயாகப் பிரிந்து, மக்ரோனி குழைந்து, பார்க்கச் சகிக்காது. வாய் ஏன் அகலமாக இருக்க வேண்டும் என்கிறீர்களா? புகை ஒட்டுவது மேல்தோலில் மட்டும். ஆழமான சட்டியில் வைத்தால் மேலே அரை அங்குலம் மணக்கும், கீழே இருப்பது வெறும் மக்ரோனி. கில்லாடிகள் நடுவில் ஒரு தடவை கிளறிவிடுவார்கள்.

சீஸ் பிரியாமல் இருக்க ஒரு மந்திரப் பொடி உண்டு, சோடியம் சிட்ரேட். சுவிட்சர்லாந்தில் வால்டர் கெர்பரும் ஃபிரிட்ஸ் ஸ்டெட்லரும் 1911-ல் இதைப் போட்டுத்தான் உருக்கினாலும் பிரியாத சீஸ் செய்தார்கள். இந்தப் பொடியில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன? சோடியத்துக்கு ரசாயனக் குறியீடு ‘என்ஏ’, கார்பனுக்கு ‘சி’, ஹைட்ரஜனுக்கு ‘எச்’, ஆக்ஸிஜனுக்கு ‘ஓ’. ஆங்கிலத்தில் சேர்த்துப் படியுங்கள்: ‘நாச்சோ’! சீஸ் குழம்பு ஊற்றித் தின்னும் மெக்சிகோ சோளச் சில்லுக்கு அதுதானே பெயர்! தற்செயல்தான். ஆனாலும் ரசாயன வாத்தியார்கள் இதைச் சொல்லாமல் விடுவார்களா?

அது கிடக்கட்டும், பெரிய ஆச்சரியம் விறகுக்குள் இருக்கிறது. மரத்தில் செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் என்று முக்கியமாக மூன்று சரக்கு. முதல் இரண்டும் சர்க்கரைச் சங்கிலிகள். கருகாமல் கனலும்போது பாகு காய்ச்சுகிற மாதிரி ஓர் இனிப்பு வாசத்தையும் பழுப்பு நிறத்தையும் அவை தருகின்றன. மரத்தை விறைப்பாக நிற்க வைக்கும் லிக்னின் இருக்கிறதே, அது உடைந்தால் குவாயகால், சிரிங்கால் என்று இரண்டு பொருள்கள் புறப்படுகின்றன. நாக்கில் தெரியும் புகைச்சுவை பெரும்பாலும் குவாயகால். மூக்கில் ஏறும் புகைமணம் பெரும்பாலும் சிரிங்கால். கூடவே யார் வருகிறார் தெரியுமா? வெனிலின்! ஐஸ்கிரீமில் மணக்கிறதே, அதே வெனிலா வாசம் தரும் பொருள். விறகுக் கட்டைக்குள் ஐஸ்கிரீம் கடை!

இந்த மணப் பொருள்களுக்குக் கொழுப்பு என்றால் கொள்ளை ஆசை. கொழுப்பில் நன்றாகக் கரைந்து அங்கேயே குடியிருந்துவிடும். அம்மா சமையல் எனப்படும் அமெரிக்க இதச் சாப்பாட்டை எல்லாம் எண்ணிப் பாருங்கள். சீஸ், வெண்ணெய், பால் ஏடு, கறிக்கொழுப்பு, அதைச் சுமக்க மாவோ உருளைக்கிழங்கோ. புகைக்கென்றே செய்து வைத்த மாதிரி இல்லை? வெறும் கீரையைப் புகையில் வைத்தால் வாடிப்போகும். கீரையில் பாலேடு சேர்த்து வைத்தால் வாணலியை வழித்துத் தின்பார்கள். இந்தச் சமையலின் சூட்சுமமே இதுதான் என்பது என் கட்சி. மசாலா, சாஸ், கருவி விலை எல்லாம் அப்புறம்தான்.

இன்னொரு சூட்சுமம்: புகைக்கு ஜில்லென்ற பொருள்மேல்தான் பிரியம். ஐஸ் தண்ணீர் டம்ளர் வெளியே வியர்க்கிறது அல்லவா? காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்த பரப்பில் போய்ப் படிகிற மாதிரி புகையின் ஆவியும் குளிர்ந்த, ஈரமான பரப்பில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் கைதேர்ந்தவர்கள் கறியை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு உள்ளே வைக்கிறார்கள். காய்ந்து போனால் ஆப்பிள் சாறோ வினிகரோ தெளித்துத் தெளித்து ஈரம் பண்ணுவார்கள்.

புகை என்றால் குபுகுபுவென்று வெள்ளையாக வர வேண்டும் என்று நினைக்கிறீர்களா? அதுதான் தப்பு! கெட்டி வெள்ளைப் புகை, காற்றுப் போதாமல் விறகு திணறுவதன் அடையாளம். அதில் வைத்தால் சாப்பாடு தார் மாதிரி கசக்கும், நாக்கு மரத்துப்போகும். நல்ல புகை கண்ணுக்கே சரியாகத் தெரியாது. மெல்லிய நீலச் சாயலில் இழையாகப் போகும். தம்பி புதிதாக ஸ்மோக்கர் வாங்கிய வாரம் தெருவே மறையும்படி புகை போட்டு, மூன்று கோழியைத் தூர எறிந்தான். மனைவி பீட்சா வரவழைத்தாள்.

சரி, எந்த மரம்? ஹிக்கரி, ஓக், பெக்கான், ஆப்பிள், செர்ரி. பைன் மட்டும் ஆகாது, பிசின் மரம், கறுப்புக் கசப்பாகிவிடும். இதில் டெக்சாஸ்காரர்கள் மார்தட்டும் மரம் ஒன்று உண்டு. மெஸ்கீட்! புகை காரமாக இருக்கும், தீ உக்கிரமாக எரியும், கொஞ்சம் அதிகமானாலும் சாப்பாட்டை அமுக்கிவிடும். இந்த மெஸ்கீட் யார் தெரியுமா? ராமநாதபுரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் பரவிக் கிடக்கிறதே வேலிக்கருவை என்கிற சீமைக்கருவேலம், அதன் பங்காளி! தாவரவியல் புத்தகங்கள் இரண்டையும் புரோசோபிஸ் என்ற ஒரே பேரினத்தில் வைத்தன. நம் சீமைக்கருவையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்ததுதான். இன்னும் கேளுங்கள்: நிலத்தை விழுங்குகிறது, தண்ணீரைக் குடிக்கிறது, முள் குத்துகிறது என்று நாம் திட்டுகிறோமே, டெக்சாஸில் மாடு மேய்ப்பவர்களும் தங்கள் மெஸ்கீட்டை அதே வார்த்தைகளில் திட்டுகிறார்கள்! இங்கே அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுக் கரியாக்குகிறோம். அங்கே சின்னச் சின்னச் சில்லாக நறுக்கிப் பையில் போட்டு, படம் ஒட்டிக் கடையில் விற்கிறார்கள்.

கரி என்றதும் ஞாபகம் வருகிறது. கார் மன்னர் ஹென்றி ஃபோர்டு கரி விற்றார், தெரியுமா? 1920-களில் அவருடைய கார்களில் மரப் பாகங்கள் நிறைய. மிச்சிகன் மாநிலத்தில் அயர்ன் மவுண்டன் ஊர் ஆலையில் வெட்டு மிச்சம் மலைபோலக் குவிந்தது. காசை வீணாக்குவாரா ஃபோர்டு? கரியாக்கி, கட்டிகளாக அழுத்தி, தன் கார் ஷோரூம்களிலேயே விற்றார்! நிலம் பார்த்துக்கொடுத்த உறவினர் எட்வர்டு கிங்ஸ்ஃபோர்டு பெயர்தான் இன்றைக்கும் அமெரிக்காவில் கரிப் பையின்மேல் இருக்கிறது. கரியைப் போட அடுப்பு வேண்டுமே? 1952-ல் சிகாகோ பக்கம் ஜார்ஜ் ஸ்டீஃபன் என்பவர் நீரில் மிதக்கும் இரும்பு மிதவையைப் பாதியாக அறுத்து, மூடி போட்டு, கால் வைத்தார். அதுதான் வெபர் கெட்டில். எண்ணெய்க் கிணற்றுக் குழாயை வெட்டி வெல்டிங் பட்டறைக்காரர்கள் செய்ததுதான் டெக்சாஸின் படுக்கைவாட்டு ஸ்மோக்கர். உலகப் போர் முடிந்து ஜப்பானிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் கமாடோ என்ற மண் அடுப்பைத் தூக்கிவந்தார்கள். அந்த வம்சத்தில் 1974-ல் அட்லாண்டாவில் பிறந்தது ‘பிக் கிரீன் எக்’, பச்சை நிறத்தில் டைனோசர் முட்டை மாதிரி உட்கார்ந்திருக்கும். இருநூறு லிட்டர் பீப்பாயில் ஓட்டை போட்டுச் செய்வதும் உண்டு. அதற்கு அவர்களே வைத்த பெயர் ‘அசிங்க டிரம் ஸ்மோக்கர்’!

இப்போதைய மோகம் பெல்லட் ஸ்மோக்கர். 1985-ல் ஓரிகன் மாநிலத்தில் மவுண்ட் ஏஞ்சல் என்ற சிற்றூரில் ஜோ டிராகர் முதலாவதைச் செய்தார். மரத்தூளை அழுத்திக் குச்சி குச்சியாகச் செய்த உருளைகள்தான் எரிபொருள். அதில் பசை கிடையாது, தெரியுமா? அழுத்தும்போது எழும் சூட்டில் மரத்திலிருக்கும் லிக்னினே இளகி ஒட்டவைத்துக்கொள்கிறது. மணம் தருவதும் அதே லிக்னின், கோந்தும் அதே லிக்னின்! ஒரு திருகுக்கம்பி உருளைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீக்குள் தள்ளும், விசிறி ஊதும், சூட்டை மின்னணு மூளை பார்த்துக்கொள்ளும். ஆள் கட்டிலில் படுத்தபடி செல்போனில் சூட்டைப் பார்க்கலாம். ஊதுகுழல் பிடித்த கைகள் கேட்டால் சிரிக்கும். 2021-ல் அந்த டிராகர் கம்பெனி நியூயார்க் பங்குச்சந்தையில் ஏறியபோது எடுத்துக்கொண்ட குறியீடு என்ன? ‘குக்’!

அடுத்த அதிசயத்தைக் கேட்டால் உங்களுக்கு உடனே புரியும், அமெரிக்கர்களுக்குத்தான் புரிய வருடக்கணக்கானது. ஐந்தாறு கிலோ நெஞ்சுக்கறியை உள்ளே வைத்தால் 12 முதல் 16 மணி நேரம்கூடப் பிடிக்கும். கறிக்குள் சூடு மளமளவென்று ஏறும். 65, 70 டிகிரியை நெருங்கியதும் நின்றுவிடும். ஒரு மணி, இரண்டு மணி, நாலு மணி... முள் அசையாது! விருந்தாளி வந்து உட்கார்ந்திருப்பார். தெர்மாமீட்டர் கெட்டுவிட்டதென்று தட்டிப் பார்ப்பார்கள், தீயைக் கூட்டிக் கறியைப் பாழாக்குவார்கள். ‘ஸ்டால்’ என்று இதற்குப் பெயர். கொழுப்பு உருகுகிறது, கொலாஜன் கரைகிறது என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கிரெக் பிளாண்டர் என்ற இயற்பியலாளர் ஒரு வேலை செய்தார். நெஞ்சுக்கறியோடு ஒரு ஈர ஸ்பாஞ்சையும் ஒரு கொழுப்புக் கட்டியையும் சூட்டில் வைத்துப் பார்த்தார். ஸ்பாஞ்சின் சூடும் கறி மாதிரியே ஏறாமல் முரண்டு பிடித்தது, கொழுப்புக் கட்டி நிற்காமல் ஏறிக்கொண்டே போனது! காரணம் என்ன? வியர்வை! கறியிலிருந்து நீர் கசிந்து ஆவியாகும்போது சூட்டையும் கூடவே எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் ஏன் ஜில்லென்று இருக்கிறது என்று நம் ஊர்ப் பாட்டியைக் கேட்டிருந்தால் சோதனையே வேண்டியிருக்காது.

வியர்வையைத் தடுக்க அலுமினியத் தாளில் சுற்றுவார்கள், அதற்கு ‘டெக்சாஸ் ஊன்றுகோல்’ என்று கேலிப்பெயர். ஆஸ்டினில் 2009-ல் தள்ளுவண்டி மாதிரி ஒரு டிரெய்லரில் கடை போட்ட ஆரன் ஃபிராங்ளின் கசாப்புக் கடைக் காகிதத்தில் சுற்றிப் புகழ்பெற்றார். 2015-ல் அவருக்கு ஜேம்ஸ் பியர்ட் விருது கிடைத்தது. வெந்த கறியை வெட்டினால் ஓரத்தில் ரோஜா நிறத்தில் ஒரு வளையம் தெரியும். அதுதான் புகை ஊறிய அடையாளம் என்று ஆளாளுக்குப் படம் எடுப்பார்கள். ரகசியம் சொல்லட்டுமா? அந்த வளையத்துக்குச் சுவையே கிடையாது! தீயிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்ஸைடு கறியின் நிறமிப் புரதத்தைப் பிடித்து நிறுத்தி வைப்பதுதான் அது.

பெரிய கறி வேகும் அந்த நீண்ட நேரத்தில் பெட்டிக்குள் இடம் சும்மா கிடக்குமே? அதை விடுவார்களா! கறிக்கு நேர் கீழ்த்தட்டில் பீன்ஸ் சட்டியை வைத்துவிடுகிறார்கள். மேலே கறி வியர்த்து, கொழுப்புருகி, மசாலாவோடு சொட்டுச் சொட்டாகப் பீன்ஸுக்குள் விழும். இரண்டு மூன்று மணி நேரத்தில் அந்தப் பீன்ஸ் தனி ஜாதி ஆகிவிடும். அதில் சேரும் கறுப்புக் கரும்புப்பாகு, மொலாசஸ், சாதாரணச் சரக்கு என்று எண்ணாதீர்கள். மொலாசஸ் சேர்த்த பீன்ஸுக்குப் பேர்போன பாஸ்டன் நகரத்துக்கே ‘பீன்டவுன்’ என்று செல்லப்பெயர். அதே பாஸ்டனில் 1919 ஜனவரி 15 அன்று ஒரு மொலாசஸ் தொட்டி வெடித்துச் சுமார் 87 லட்சம் லிட்டர் பாகு தெருவில் ஆளுயரத்துக்கு மேல் அலையாகப் பாய்ந்தது. 21 பேர் செத்தார்கள்! பாகில் சிக்கி! ஆல்கஹால் காய்ச்ச வைத்திருந்த பாகு அது, பீன்ஸ்மேல் பழி போடக் கூடாது.

சொட்டுவதைப் பிடிக்கும் இந்தத் தந்திரத்தின் உச்சம் ‘தலைக்குமேல் சில்லி’. சில்லி என்றால் கறியும் மிளகாயும் சேர்ந்த குழம்பு. வழக்கமாகக் கொத்துக்கறியை வதக்கிச் சட்டியில் போடுவார்கள். இவர்கள் என்ன செய்கிறார்கள்? மசாலா போட்டுப் பிசைந்து ஒரே பெரிய உருண்டையாக உருட்டி, குழம்புச் சட்டிக்கு மேல் கம்பித் தட்டில் வைக்கிறார்கள். உருண்டை புகை குடிக்கும், சாறு குழம்பில் சொட்டும். இரண்டு மணி நேரம் கழித்து உருண்டையை உடைத்து அதே குழம்பில் போட்டுக் கொதிக்கவிடுவார்கள். குழம்பில் சேரும் சிப்போட்லே மிளகாயும் புகை போட்டதுதான். மெக்சிகோவின் நாவாட்டல் மொழியில் அந்தப் பெயருக்கு அர்த்தமே ‘புகைத்த மிளகாய்’. டெக்சாஸில் சில்லிக்குள் ஒரு பீன்ஸ் போட்டுப் பாருங்கள், கொலை விழும்! 1977-ல் சில்லியை மாநில உணவாகவே அறிவித்தவர்கள் அவர்கள். 1967-ல் டெர்லிங்குவா என்ற பாலைவனப் பேயூரில் பீன்ஸ் தேவையா இல்லையா என்ற சண்டைக்காகவே சமையல் போட்டி நடந்தது. சமன் என்று முடிந்தது, நாக்கு வெந்துபோனதாகச் சொல்லி ஒரு நடுவர் கழன்றுகொண்டார்!

மீட்லோஃப் என்று ஒன்று. கொத்துக்கறியோடு ரொட்டித் தூள், முட்டை, வெங்காயம் பிசைந்து செங்கல் வடிவத்தில் சுடுவது. கறி குறைவு, ஆள் அதிகம் என்றிருந்த பஞ்சகாலத்துத் தந்திரம், நாம் முட்டைக்குழம்பில் தண்ணீர் விடுகிற மாதிரி. அடுப்புக்குள் தகர அச்சில் வைத்தால் தன் கொழுப்பிலேயே குளித்து வெந்து கிடக்கும். கம்பித் தட்டில் வைத்துப் புகை போட்டால் ஆறு பக்கமும் முறுகல்! ஒரே ஒரு கண்டிப்பு: நடுவில் 71 டிகிரி தொட்டே ஆக வேண்டும். முழுக் கறியில் கிருமி வெளிப்பக்கம்தான் இருக்கும், கொத்தும்போது உள்ளேயும் கலந்துவிடுகிறது. கோழிக்கு 74. இந்தக் கணக்கில் வீரம் காட்டக் கூடாது.

இதையெல்லாம் நாட்டுப்புறத்தான் சமையல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். கென்னடி சுடப்பட்டு ஆறு வாரம்கூட முடியாத நேரம், 1963 டிசம்பர் 29. புது ஜனாதிபதி லிண்டன் ஜான்சனுக்கு மேற்கு ஜெர்மனி சான்சலர் லுட்விக் எர்ஹார்டு விருந்தாளி. எங்கே விருந்து கொடுத்தார்? டெக்சாஸில் தன் பண்ணைக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில், பார்பிக்யூ! வெளியே குளிர் தாங்காமல் உள்ளே மாற்றினார்கள்.

விருந்தாளி யாரானாலும் கரியள்ளும் கை வேண்டுமே. டெக்சாஸ் லெக்சிங்டனில் ஸ்னோஸ் பார்பிக்யூ என்று ஒரு கடை. சனிக்கிழமை மட்டும்தான் திறக்கும். தீ பார்ப்பவர் டூட்சி டோமனெட்ஸ், 1935-ல் பிறந்த பாட்டி! வெள்ளிக்கிழமை நடுராத்திரி தாண்டி வந்து மண்வெட்டியால் கங்கு அள்ளிப் போடுவார், வார நாளில் பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்த்தார். 2008-லும் 2017-லும் ‘டெக்சாஸ் மன்த்லி’ பத்திரிகை அந்தக் கடைக்குத்தான் மாநிலத்தில் முதலிடம் கொடுத்தது. மின்னணு மூளையாவது, செல்போனாவது!

சீஸுக்குப் புகை போடுவது தனிக் கலை. சூடு 32 டிகிரி தாண்டினால் வியர்த்து உருகிவிடும், ஆகவே பனிக்காலத்தில்தான் செய்வார்கள், தட்டில் ஐஸ் வைத்து. எடுத்த உடனே தின்றால் சாம்பல் தட்டை நக்கிய மாதிரி இருக்கும்! காற்றுப் புகாமல் கட்டி ஒன்றிரண்டு வாரம் ஃபிரிட்ஜில் மறந்துவிட்டால் வாசம் உள்ளே பரவி இதமாகும். தண்ணீருக்குப் புகை போடுவது சுலபம். ஐஸ் கட்டியைத் தட்டில் வைத்தால் உருகும்போதே புகையைக் குடித்துக்கொள்ளும், திரும்ப உறையவைத்து எலுமிச்சை ஜூஸில் போடலாம். இதற்கெல்லாம் பொறுமை இல்லாதவர்களுக்குப் பாட்டிலிலேயே புகை உண்டு. கன்சாஸ் சிட்டி மருந்துக்கடைக்காரர் எர்னஸ்ட் ரைட் சிறுவயதில் அடுப்புக் குழாயிலிருந்து கறுப்பாக ஒரு சொட்டு விழுவதைப் பார்த்தார். பெரியவனானதும் 1895-ல் புகையைக் குளிரவைத்துத் திரவமாக்கி விற்க ஆரம்பித்தார்.

ஒன்று மட்டும். இதைப் படித்துவிட்டு அடுக்குமாடி பால்கனியிலோ கார் ஷெட்டிலோ கரியைப் பற்ற வைத்துவிடாதீர்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, ஆளையே முடித்துவிடும். புகையில் புற்றுநோய்க்குக் காரணமான சரக்குகளும் உண்டு. வெட்டவெளியில், எப்போதோ ஒரு நாள் என்றால் சரி. தினமும் புகைக்கறி என்றால் சரியில்லை.

அம்மா கதைக்கு வருகிறேன். போன வருடம் ஹூஸ்டன் போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கறியெல்லாம் எடுத்தாகிவிட்டது, பெட்டியில் சூடு மிச்சம். தம்பிக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது. பத்துத் தக்காளியையும் இரண்டு முழுப் பூண்டையும் தட்டில் வைத்து மூடினான். மூன்று மணி நேரத்தில் தோல் சுருங்கி, தொட்டால் பிதுங்கும் பதம். அவற்றை அப்படியே கரைத்து, புளி குறைத்து, மிளகும் சீரகமும் தட்டிப்போட்டு அவன் மனைவி ரசம் வைத்தாள். அம்மா டம்ளரை மூக்கருகே கொண்டுபோனவள் குடிக்காமல் நிறுத்தினாள்.

“என்ன வெறகுடா இது?”

“மெஸ்கீட்மா. டெக்சாஸ் மரம்.”

எழுந்து கொல்லைக்குப் போனாள். பையிலிருந்து ஒரு சில்லை எடுத்து முகர்ந்தாள். பையைத் திருப்பி விலை ஒட்டியிருந்ததைப் பார்த்தாள்.

“வேலிக்கருவ. இதையாடா காசு குடுத்து வாங்குற?”

உள்ளே வந்து அந்த ரசத்தைக் குடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் கேட்டாள்.